பொடியில் மறைந்திருக்கும் மாத்திரை: ராமநாதபுரம் கடலோரக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

வலை இழுப்பவருக்கு இடுப்பு, பாசி எடுக்கக் கடலில் முங்கும் பெண்களுக்கு முழங்காலும் தோளும், வாலிநோக்கம் உப்பளத்தில் நிற்பவருக்குப் பாதம், சாயல்குடிப் பக்கம் பனையேறுபவருக்கு முதுகு என்று, செய்யும் வேலையே வலியாகத் திரும்பி வரும் கரை ராமநாதபுரம் கரை. வலிக்கு மருந்து தேடுவதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தேடலை நம்பியே, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாத பொடிகளும் லேகியங்களும் கேப்சூல்களும் பேருந்து நிலையத்திலும் சந்தையிலும் வாட்ஸ்அப்பிலும் வெளிநாட்டிலிருந்து வரும் பார்சல்களிலும் வீடு வந்து சேர்கின்றன. வீட்டுப் பெரியவர்களின் மருந்து மாத்திரைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைப் புதிதாக ஏற்றிருக்கும் மருமகளுக்கும் பேரனுக்கும், கிராமத்தில் புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் சுகாதாரத் தன்னார்வலருக்கும் பயன்பட வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். இது சித்த மருத்துவத்துக்கு எதிரான கட்டுரை அல்ல. முறையாகப் படித்துப் பதிவு செய்த சித்த மருத்துவர், நோயாளியின் நாடியையும் வயதையும் பார்த்து, அனுபானத்தோடும் (மருந்தைக் குழைத்துக் கொடுக்கும் தேன், பால் போன்றவை) பத்தியத்தோடும் கொடுக்கும் மருந்து ஒரு வகை. அதே பெயரைப் போர்த்திக்கொண்டு, உள்ளே ஆங்கில மருந்துக் கடை மாத்திரையை இடித்துப் போட்டு, "நூறு சதவீதம் மூலிகை" என்று விற்கப்படுவது முற்றிலும் வேறு வகை. இரண்டாவது வகையால் நோயாளிக்கு இணையாகக் கெடுவது முதல் வகையின் பெயர்தான்.

எதில் எதைக் கலக்கிறார்கள்

கலப்படம் செய்பவர் கண்டதையும் போடுவதில்லை. வாங்குபவர் எதை எதிர்பார்க்கிறாரோ அதை விரைவாகக் காட்டக்கூடிய மருந்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார். ஆகவே ஒரு பொருள் எந்த நோய்க்கு என்று விற்கப்படுகிறது என்பதை அறிந்தால், அதில் என்ன மறைந்திருக்கக்கூடும் என்பதைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

மூட்டுவலி, வாதம், ஆஸ்துமா ஆகியவற்றுக்கான பொடிகளில் வீக்கத்தையும் வலியையும் விரைவாக அமுக்கும் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகளும், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. சர்க்கரை நோய்க்கான சூரணங்களில் கிளைபென்கிளமைடு, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரைகள் இருந்திருக்கின்றன. ஆண்மைக்குறைவுக்கான லேகியங்களிலும் கேப்சூல்களிலும் சில்டெனாஃபில், தடலாஃபில் அல்லது அவற்றின் சாயலில் செய்யப்பட்ட வேதிப்பொருள்கள் இருக்கின்றன. உடல் இளைக்க வைக்கும் பொடிகளில் சிபுட்ரமின் வருகிறது. மாரடைப்பு, பக்கவாத அபாயத்தைக் கூட்டுகிறது என்று 2010இல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் சந்தையிலிருந்து விலக்கிய மருந்து அது, 2011இல் இந்தியாவிலும் தடை செய்யப்பட்டது. முகம் வெளுக்கும் கிரீம்களில் பாதரசமும் வீரியமான ஸ்டீராய்டும் இருக்கின்றன.

ஏதோ ஓர் ஊரின் தனிக்கதையாக இதை எண்ண வேண்டாம். 2007 முதல் 2016 வரை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் வெளியிட்ட எச்சரிக்கைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அறிவிக்கப்படாத மருந்து கலந்த 776 பொருள்கள் இருந்தன. அவற்றில் ஏறக்குறைய 45 சதவீதம் ஆண்மை தொடர்பானவை, 41 சதவீதம் உடல் இளைப்புக்கானவை. நம் ஊர்க்காரர்கள் தலைமுறைகளாகப் போய்வரும் சிங்கப்பூரில் 2008ஆம் ஆண்டு ஜனவரியிலிருந்து மே மாதத்துக்குள், சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் ரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கி மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். ஒருவரைத் தவிர அனைவரும் ஆண்கள். சட்டவிரோதமாக விற்கப்பட்ட ஆண்மை மருந்துகளில் சர்க்கரை மாத்திரையான கிளைபென்கிளமைடு கலந்திருந்ததுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. ஏழு பேர் நினைவு திரும்பாமல் கிடந்தார்கள், அவர்களில் நால்வர் இறந்தார்கள். கலந்தவருக்கே தான் என்ன கலந்தோம் என்பது தெரிந்திருக்காது என்பது இந்தச் செய்தியில் எனக்கு மிகவும் அச்சமூட்டும் பகுதி.

முதல் படி: எல்லாவற்றையும் ஓரிடத்தில் எடுத்து வையுங்கள்

வீட்டில் உள்ள மருந்துகள் எல்லாவற்றையும், சாமி அலமாரியில் இருப்பது, தலையணைக்கடியில் இருப்பது, படகுக்கு எடுத்துப்போகும் பையில் இருப்பது உட்பட, ஒரு துணியை விரித்து அதன்மேல் வையுங்கள். மாத்திரைகளை மட்டும் என்று கேட்டால் பெரியவர்கள் பொடியையும் தைலத்தையும் எடுத்துக் காட்ட மாட்டார்கள், ஏனெனில் அவர்கள் கணக்கில் அவை மருந்தே அல்ல. "வேற என்ன சாப்பிடுறீங்க, என்ன தடவுறீங்க, சத்துக்குன்னு ஏதாவது குடிக்கிறீங்களா அப்பத்தா?" என்று பிரித்துப் பிரித்துக் கேட்க வேண்டும். வளைகுடாவிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வந்த காப்பித் தூளையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்களுக்கான மூலிகைக் காப்பி என்று மலேசியாவிலிருந்து போன ஒரு தூளில் சில்டெனாஃபிலைப் போன்ற பொருள் இருந்ததால் 2017இல் அமெரிக்காவில் அது திரும்பப் பெறப்பட்டது.

இந்தக் குவியலில் செட்டு மாத்திரைக் கவர் ஒன்று பெரும்பாலும் இருக்கும். அதைத் தனியாகக் கவனியுங்கள். உடம்பு வலி, காய்ச்சல் என்று மருந்துக் கடையில் சொன்னால், சீட்டில்லாமல், நாலைந்து அட்டைகளிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டி ஒரு சிறிய காகித உறையில் போட்டுத் தரும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. வெட்டிய துண்டைத் திருப்பிப் பார்த்தால் பெயரின் பாதி எழுத்து இதில் இருக்கும், மீதி எழுத்து கடைக்காரரிடம் உள்ள அட்டையில் இருக்கும். காலாவதித் தேதி உங்கள் துண்டில் பெரும்பாலும் இருக்காது. மஞ்சளாக ஒன்று, ரோஸாக ஒன்று, அவற்றோடு மிளகை விடச் சற்றே பெரிதாக வெள்ளை மாத்திரை ஒன்று. அந்தச் சிறிய வெள்ளை மாத்திரைதான் பல நேரம் ஸ்டீராய்டு. பொடியில் மறைத்துக் கொடுப்பதும் உறையில் பெயர் தெரியாமல் கொடுப்பதும் உண்பவரைப் பொறுத்தவரை ஒரே காரியம்தான். மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளின் அட்டையில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு அச்சிட்டிருக்கும். வெட்டிய துண்டில் அந்தக் கோடு தெரிந்தால், சீட்டில்லாமல் அது வீட்டுக்கு எப்படி வந்தது என்று கேட்பது உங்கள் உரிமை.

இரண்டாம் படி: லேபிளைப் படியுங்கள், ஆனால் லேபிளை மட்டும் நம்பாதீர்கள்

உரிமம் பெற்றுத் தயாரிக்கப்படும் சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்தின் லேபிளில், அது எந்த முறையைச் சேர்ந்த மருந்து என்பதும், சேர்மானங்களின் பெயரும், தயாரிப்பு உரிம எண்ணும், தொகுதி எண்ணும், தயாரித்த தேதியும், காலாவதித் தேதியும், தயாரிப்பாளரின் முழு முகவரியும் இருக்க வேண்டும். ஜெராக்ஸ் கடையில் அச்சடித்த ஸ்டிக்கரில் ஒரு முனிவர் படமும் ஒரு கைப்பேசி எண்ணும் மட்டும் இருந்தால், அந்த டப்பாவைப் பற்றி மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை. "மூலிகைகள் தேவையான அளவு" என்று எழுதியிருப்பதும் சேர்மானப் பட்டியல் ஆகாது.

சத்து மாவு, பானத்தூள், கேப்சூல் என்று உணவுப் பொருளாக விற்கப்படுபவற்றில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கும். துணைச்சத்துப் பொருள்களில் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்ற வாசகமும் இருக்க வேண்டும். உணவு என்று உரிமம் வாங்கிக்கொண்டு சர்க்கரையைக் குணமாக்கும், மூட்டுத் தேய்மானத்தைச் சரிசெய்யும் என்று விளம்பரம் செய்தால் அங்கேயே ஒரு பொய் இருக்கிறது. மேலும், நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், வாதம், உடல் பருமன், ஆண்மைக்குறைவு போன்றவற்றைத் தீர்க்கும் மருந்து என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடுக்கிறது. ராமேஸ்வரம் ரயிலில் நோட்டீஸ் கொடுப்பவர் அந்தச் சட்டத்தைப் படித்திருக்க மாட்டார். நீங்கள் அறிந்திருப்பது நல்லது.

இத்தனையும் சரியாக இருந்தாலும் உள்ளே இருப்பது சரி என்று ஆகிவிடாது. உரிம எண்ணைப் போலியாக அச்சடிப்பது கடினமான காரியம் அல்ல. நிறம், மணம், சுவை ஆகியவற்றைக் கொண்டும் கண்டுபிடிக்க முடியாது. தண்ணீரில் போட்டுப் பார்ப்பது, நெருப்பில் காட்டுவது என்று சொல்லப்படும் வீட்டுச் சோதனைகளால் ஒரு மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோனை யாரும் காண முடியாது. ஆய்வகக் கருவிதான் அதைக் காணும்.

மூன்றாம் படி: வேகத்தைச் சந்தேகியுங்கள்

ஆய்வகம் இல்லாத இடத்தில் நம்மிடம் உள்ள சிறந்த அளவுகோல் வேகம். "பொடி போட்ட ரெண்டாம் நாளே எந்திரிச்சு நடந்துட்டேன்" என்பதைத்தான் எல்லோரும் அந்த மருந்துக்குச் சான்றாகச் சொல்கிறார்கள். என் கணக்கில் அது சான்றல்ல, குற்றச்சாட்டு. பல வருடத்து முட்டி வீக்கம் இரண்டு நாளில் வற்றினால் ஸ்டீராய்டை நினையுங்கள். சாப்பாட்டை மாற்றாமல் ஒரே வாரத்தில் சர்க்கரை அளவு பாதியாகக் குறைந்தால் சர்க்கரை மாத்திரையை நினையுங்கள். உண்ட ஒரு மணி நேரத்தில் பலன் தரும் ஆண்மை லேகியத்தில் மூலிகை இருக்கலாம், ஆனால் பலன் மூலிகையால் வந்ததாக இருக்காது. ஏழு நாளில் முகம் வெளுத்தால் பாதரசத்தையும் ஸ்டீராய்டையும் நினையுங்கள்.

வேகத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு அடையாளம், விட்டால் திரும்புவது. பொடி தீர்ந்த மூன்றாம் நாள் வலி முன்னைவிட அதிகமாகத் திரும்பி, மறுபடி பொடி போட்டதும் அடங்கினால், அது குணமாக்கவில்லை, அமுக்கி வைத்திருக்கிறது. விற்பவருக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர் கிடைக்க மாட்டார்.

நான்காம் படி: உடம்பைப் பாருங்கள்

ஸ்டீராய்டு மாதக்கணக்கில் உள்ளே போனால் முகம் நிலா மாதிரி உருண்டு உப்பும், கழுத்துக்குப் பின்னாலும் வயிற்றிலும் சதை போடும், கை கால் மட்டும் மெலியும். வயிற்றுத் தோலில் செந்நிறக் கோடுகள் விழும், லேசாக இடித்துக்கொண்டாலும் தோல் கன்றிப்போகும். "பொடி சாப்பிட்டதுல உடம்பு தேறிருச்சு" என்று வீட்டில் சந்தோஷப்படுவது பெரும்பாலும் இந்த உப்பலைப் பார்த்துத்தான். உள்ளே நடப்பது வெளியே தெரியாது: ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறுகின்றன, எலும்பு தேய்கிறது, கண்ணில் புரை வளர்கிறது, வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசியலாம், அடங்கிக் கிடந்த காசநோய் எழும்பலாம்.

வலி மாத்திரை கலந்த பொடியில் அடிபடுவது சிறுநீரகமும் இரைப்பையும். சித்திரை வெயிலில் உப்பளத்திலோ படகிலோ போதிய தண்ணீர் குடிக்காமல் உழைப்பவரின் உடலில் நீர் வற்றியிருக்கும். அந்த நிலையில் டைக்ளோஃபெனாக் போன்ற மருந்து சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை மேலும் குறைத்துவிடும். கறுப்பாக மலம் போவது, கால் வீங்குவது, சிறுநீர் குறைவது ஆகியவற்றை வெயில் சூடு என்று ஒதுக்காதீர்கள்.

பாதரசக் கிரீமும் சிறுநீரகத்தைத்தான் தேடிப் போகிறது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2023இல், வெளுப்பாக்கும் கிரீம் பூசிய பலருக்குச் சிறுநீரக வடிகட்டிகள் பழுதாகி, புரதம் சிறுநீரில் ஒழுகும் நோய் வந்ததை அங்குள்ள மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். காலையில் எழுந்ததும் கண்ணைச் சுற்றி வீக்கமும், சிறுநீரில் அடங்காத நுரையும் இருந்தால், பூசும் கிரீமைப் பற்றி மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வயிற்றுக்குள் போகாததால் அதைச் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. "தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும்" என்று அட்டையில் எழுதியிருந்தால் அது பாதரசத்துக்கான தெளிவான அடையாளம். பூசியவரின் தலையணை, துண்டு, அணைத்துக்கொள்ளும் குழந்தை ஆகியோருக்கும் அது பரவும்.

ஐந்தாம் படி: உடனே தூக்கி எறியாதீர்கள்

புதியவர்கள் அதிகம் இடறும் இடம் இதுதான், ஆகையால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பொடியில் கலப்படம் இருக்கிறது என்று தெரிந்த கோபத்தில் டப்பாவைக் கடலில் வீசிவிட்டு, "இனிமே இதைத் தொடக்கூடாது" என்று சொல்லிவிடுவது இயல்பு. மூட்டுவலிப் பொடியைப் பொறுத்தவரை அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

சிறுநீரகங்களின் உச்சியில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள், கார்டிசால் என்ற இயற்கை ஸ்டீராய்டை அன்றாடம் சுரக்கின்றன. ரத்த அழுத்தம் நிற்பதற்கும், காய்ச்சலையும் காயத்தையும் உடல் தாங்குவதற்கும் அது வேண்டும். வெறும் 0.75 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோனின் வலிமை, உடல் ஒரு நாள் முழுவதும் சுரக்கும் கார்டிசாலுக்கு ஏறக்குறைய ஈடு. பொடி வழியாக அவ்வளவோ அதற்கு மேலோ தினமும் உள்ளே வந்தால், சுரப்பி தன் வேலையை நிறுத்திக்கொள்கிறது. மூன்று வாரங்களுக்கு மேல் இப்படிப் போனால் அது உடனே விழித்துக்கொள்ளாது; பழைய நிலைக்கு வர மாதங்கள்கூட ஆகலாம். அந்த நிலையில் பொடியைத் திடீரென்று விட்டால் உள்ளிருந்தும் வராது, வெளியிலிருந்தும் வராது. தலைசுற்றல், வாந்தி, வயிற்றுவலி, அசதி, ரத்த அழுத்தம் விழுந்து மயக்கம் என்று ஒரே நாளில் நிலைமை முற்றிவிடும். தற்செயலாக வாந்தி பேதி வந்து நாலு நாள் பொடி உள்ளே போகாமல் இருந்தாலும் இதுவே நடக்கும்.

எனவே, சில வாரங்களுக்கு மேல் தொடர்ந்து உண்டவர் என்றால், அன்றோ மறுநாளோ டப்பாவோடு மருத்துவரிடம் போங்கள். அவர் தேவைப்பட்டால் காலை எட்டு மணி அளவில் கார்டிசால் பரிசோதித்துப் பார்ப்பார்; பொடிக்குப் பதிலாக அளவு தெரிந்த ஸ்டீராய்டு மாத்திரையைக் கொடுத்து, வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார். ஸ்டீராய்டை விலக்கவே ஸ்டீராய்டு கொடுப்பதைப் பார்த்து வீட்டில் குழப்பம் வரும். அளவு தெரியாததை அளவு தெரிந்ததாக மாற்றினால்தான் குறைக்க முடியும் என்று பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

இதில் இன்னும் சிக்கலான ஒரு நிலை உண்டு. ஒரே ஆள் மூட்டுக்கு ஒரு பொடியும் சர்க்கரைக்கு ஒரு சூரணமும் சாப்பிடுவார். முதல் பொடியில் உள்ள ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றுகிறது, இரண்டாவதில் உள்ள கிளைபென்கிளமைடு அதை இறக்குகிறது. பரிசோதனையில் அளவு சுமாராக இருப்பதால் இரண்டுமே நல்ல மருந்து என்ற பெயர் வாங்குகின்றன. முதலாவதை மட்டும் நிறுத்தினால் இரண்டாவதன் முழு வேகமும் வெளிப்பட்டு, சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் சர்க்கரை மாத்திரையும் சேர்ந்திருந்தால் அபாயம் இன்னும் அதிகம். தன்னார்வலராக இருப்பவர்கள் மாத்திரை கொடுக்கும்போதே "கூட வேற பொடி எதுவும் போடுறீங்களா?" என்று கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது.

ஆண்மை லேகியம், இளைப்புப் பொடி, பாதரசக் கிரீம் ஆகியவற்றை இப்படிக் குறைத்து விட வேண்டியதில்லை, அன்றே நிறுத்தலாம். வெளுப்பாக்கும் கிரீமில் ஸ்டீராய்டு இருந்திருந்தால் நிறுத்தியபின் முகம் சிவந்து எரியும், பருக்கள் கிளம்பும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி அதையே பூசாமல் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஆறாம் படி: அவசரத்தை அடையாளம் காணுங்கள்

திடீர் வியர்வை, கை நடுக்கம், குழறிய பேச்சு, காரணமில்லாத கோபம், மயக்கம்: இவை சர்க்கரை இறங்குவதன் அறிகுறிகள். விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ கரைத்த தண்ணீர் கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழையுங்கள். சர்க்கரைத் தண்ணீர் குடித்துத் தெளிந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும், ஏனெனில் கிளைபென்கிளமைடு நெடுநேரம் வேலை செய்யும் மருந்து, சில மணி நேரம் கழித்துச் சர்க்கரை மறுபடியும் இறங்கும். படகில் போகும் ஆளுக்கு நடுக்கடலில் இது நேர்ந்தால் கரை சேரும்வரை கூட இருப்பவர்தான் மருத்துவர். ஆகவே சந்தேகமான சூரணம் சாப்பிடுபவர், மருத்துவரைப் பார்த்து முடிவு தெரியும்வரை கடலுக்குப் போகாமல் இருப்பதே நல்லது. தவிர்க்க முடியாவிட்டால் சர்க்கரைப் பொட்டலத்தைப் படகில் வைத்துக்கொண்டு, விஷயத்தைக் கூட வருபவரிடமும் சொல்லிவிட வேண்டும்.

நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையை வைத்திருப்பவர்கள் ஆண்மை லேகியம் எதையும் தொடக்கூடாது. சில்டெனாஃபிலும் நைட்ரேட்டும் சந்தித்தால் ரத்த அழுத்தம் நிற்காமல் விழுந்து உயிர் போகலாம். லேகியம் சாப்பிட்ட ஒருவருக்கு நெஞ்சுவலி வந்து மருத்துவமனைக்குப் போனால், வெட்கத்தை விட்டு அதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். சில்டெனாஃபில் உண்டு 24 மணி நேரத்துக்குள்ளும், தடலாஃபில் உண்டு 48 மணி நேரத்துக்குள்ளும் நைட்ரேட் கொடுப்பதை மருத்துவர்கள் தவிர்ப்பார்கள். மனைவிக்கு முன்னால் சொல்லத் தயங்குவார் என்றால் அவரை ஒரு நிமிடம் வெளியே இருக்கச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: மருத்துவரிடம் கொண்டுபோவது

டப்பா, ஸ்டிக்கர், மீதிப் பொடி, வாங்கிய ரசீது அல்லது வாட்ஸ்அப் உரையாடலின் படம், எப்போதிலிருந்து எவ்வளவு உண்கிறார் என்ற குறிப்பு ஆகியவற்றைக் கையோடு எடுத்துப் போங்கள். "நாட்டு மருந்து சாப்பிடுறாங்க" என்று மட்டும் சொன்னால் திட்டு விழுவதோடு பேச்சு முடிந்துவிடலாம். "இந்தப் பொடியில் ஸ்டீராய்டு இருக்குமோ என்று சந்தேகப்படுகிறோம், எட்டு மாதமாகச் சாப்பிடுகிறார், திடீரென்று நிறுத்தலாமா?" என்று கேட்டால் மருத்துவருக்கு வேலை எளிதாகும். ரத்த அழுத்தம், சர்க்கரை, கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம், சிறுநீரில் புரதம் ஆகிய அடிப்படைப் பரிசோதனைகளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கி, தேவைப்பட்டால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடரலாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104க்கு அழைத்துக் கேளுங்கள்.

பெரியவர்களிடம் பேசும் விதமும் முக்கியம். "ஏமாந்துட்டீங்க" என்று தொடங்கினால் அடுத்த டப்பா ஒளிந்துகொள்ளும். வலி உண்மையானது, பொடி வலியைக் குறைத்ததும் உண்மை. குறைத்தது எது என்பதில்தான் பொய். அந்த வலிக்கு மாற்று ஏற்பாடு இல்லாமல் பொடியை மட்டும் பிடுங்கினால் அடுத்த வாரமே வேறொரு பொடி வரும். அரசு மருத்துவமனைகளில் உள்ள சித்த மருத்துவப் பிரிவில் பதிவு பெற்ற மருத்துவர் இருப்பார். சித்த மருந்துதான் வேண்டும் என்பவர்களை அங்கே அழைத்துப் போகலாம். அங்கே கொடுக்கப்படும் மருந்து அரசு நிறுவனமான டாம்ப்கால் போன்ற இடங்களில் தயாரானது. இயன்முறைச் சிகிச்சையும், முழங்காலைத் தாங்கும் தொடைத் தசைக்கான பயிற்சியும் மெதுவாகத்தான் பலன் தரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எட்டாம் படி: புகார் செய்யுங்கள்

மீதிப் பொடியை அதன் டப்பாவோடு ஓர் உறையிலிட்டு ஒட்டி, வாங்கிய தேதியையும் இடத்தையும் மேலே எழுதி வையுங்கள். வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் சான்று கெட்டுப்போகும். மருந்து என்று விற்கப்பட்டதாக இருந்தால் மாவட்ட மருந்து ஆய்வாளரிடமும், உணவு என்று விற்கப்பட்டதாக இருந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலும் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். உணவுப் பொருளை வாங்கியவரே கட்டணம் செலுத்திப் பகுப்பாய்வுக்கு அனுப்பவும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவு இடம் தருகிறது.

உடம்பில் ஏற்பட்ட பாதிப்பை, இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியோ வீட்டாரோ தெரிவிக்கலாம். பொதுமக்களுக்கான படிவம் தமிழிலும் உண்டு. சித்த மருந்து என்ற பெயரில் விற்கப்பட்டதாக இருந்தால் தாம்பரத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருந்துக் கண்காணிப்பு மையத்துக்கும் எழுதலாம். மருந்தின் பெயர், தொகுதி எண், உண்ட அளவு, தொடங்கிய தேதி, அறிகுறி தோன்றிய தேதி ஆகிய ஐந்தும் புகாரில் இருக்கட்டும். தொகுதி எண் இல்லாத டப்பா என்றால் "தொகுதி எண் இல்லை" என்றே எழுதுங்கள். அதுவும் ஆய்வாளருக்குத் தேவைப்படும் தகவல்தான்.